விடுபட்ட கோப்பு

கடலுக்கும் செம்மணல் தேரிக்கும் நடுவில், எந்த மூலையில் தோண்டினாலும் உப்புத் தண்ணீரே ஊறுகிற தருவைமேட்டில், மாதர் தையல் சங்கத்துக்கென்று யாரோ தானமாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் வந்து இறங்கிய மறுநாள் காலையில், சங்கத்தின் பொறுப்பாளர் புஷ்பராணி அதன் பொத்தானை அழுத்தியதும், பெட்டிக்குப் பின்னால் சூடான காற்று வர வேண்டிய ஓட்டைகள் வழியாக நல்ல தண்ணீர் வந்தது. கறுப்புத் திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்த வரைக்கும் வந்தது. எண்கள் நின்று, மலையும் புல்வெளியுமாக ஒரு படம் தோன்றியதும் நின்றுவிட்டது. புஷ்பராணி மேசைக்கடியில் தேங்கியதைத் துணியால் ஒற்றி, பிழிந்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

தண்ணீர் எப்படி வருகிறது என்று ஊர் இரண்டு நாள் பேசியது. மாதா கோயில் தெருவில் மாதா தந்தாள் என்றார்கள், அம்மன் கோயில் தெருவில் அம்மன் தந்தாள் என்றார்கள், இரண்டு தெருவுக்கும் குடம் நிறைந்ததால் அந்தப் பேச்சு அதோடு ஓய்ந்தது. அதற்குப் பிறகு பேசியதெல்லாம் முறையைப் பற்றித்தான். ஒரு தடவை போட்டால் ஒரு குடம் வரும். போட்டு, நிறைத்து, அணைத்து, மறுபடி போட்டு, நிறைத்து, அணைத்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை சங்கத்துப் பெண்கள் மாறி மாறி அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு முதல் குடம், சாவு விழுந்த வீட்டுக்கு அடுத்தது, பிறகு வரிசைப்படி என்று வைத்துக்கொண்டார்கள். எண்கள் ஏறுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு 'ஊறுநேரம்' என்று பெயர் விழுந்தது. கடையில் பீடி வாங்கப் போகிறவன்கூட வீட்டில் "ஒரு ஊறுநேரம் பொறுங்க, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மலைப் படம் மட்டும் யாருக்கும் ஆகாததாயிற்று. பச்சையாக ஏதோ திரையில் எட்டிப் பார்க்கிறது என்றாலே பொத்தானை அமுக்கிவிடுவார்கள். அதனால் அந்தக் கம்ப்யூட்டரில் யாரும் ஒரு எழுத்துக்கூட அடித்ததில்லை.

தண்ணீர் லாரி வைத்திருந்த மிக்கேலுக்குத்தான் பிழைப்புப் போனது. அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு திருநெல்வேலிக்குப் போய் அதே கம்பெனியின் அதே மாதிரிக் கம்ப்யூட்டர் ஒன்றை விலைக்கு வாங்கி வந்து, தன் வீட்டு முற்றத்தில் வைத்துப் போட்டுப் பார்த்தார். சூடான காற்று வந்தது. அதைத் தன் மகளுக்குப் படிக்கக் கொடுத்துவிட்டு, குடத்தோடு அவரும் வரிசையில் வந்து நின்றார்.

புஷ்பராணியின் கணவன் அருளப்பன் சிறுவயதிலிருந்து உப்பளத்தில் வேலை பார்த்தவன். கால் பாதங்கள் தோலுரிந்து வெளுத்திருக்கும். அது எல்லோருக்கும் உள்ளதுதான். அவனுக்குச் சிறுநீரகமும் கெட்டிருந்தது. முகம் காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் ஒரு மாதிரியும் வீங்கும். குடிக்கிற கொஞ்சத் தண்ணீராவது உப்பில்லாததாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் தண்ணீர் குடிக்கத் தொடங்கிய பிறகு அவன் முகத்தில் பழைய எலும்புகள் தெரிந்தன. கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "புஷ்பம், எனக்கு இப்படியா மூஞ்சி இருந்துச்சு?" என்று கேட்டான். அவள் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள்.

பங்குனியில் சங்கத்தின் கணக்கை அனுப்பியாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஒரு மத்தியானம் மட்டும் கம்ப்யூட்டரை மலைப் படம் வரைக்கும் போகவிட்டு, இணையத்தோடு இணைத்து, புஷ்பராணி கணக்கை அடித்து அனுப்பினாள். ஊரே சங்கத்து வாசலில் வெறுங்குடத்தோடு நின்றது. அந்த மத்தியானத்தில், யாரும் கேட்காமலே, பெங்களூரிலிருந்த கம்பெனி அந்தக் கம்ப்யூட்டருக்குப் புதிய ஃபர்ம்வேரை அனுப்பியது, அதுவும் ஏற்றுக்கொண்டது. ஃபர்ம்வேர் என்பது பொத்தானை அழுத்தியதும் மற்ற எதற்கும் முன்னால் விழித்துக்கொள்கிற சின்ன நிரல். வீடு முழுக்கத் தூங்கும்போது முதலில் எழுந்து அடுப்பு இருக்கிறதா, விறகு இருக்கிறதா என்று பார்க்கிறவளைப் போல, அது நினைவகத்தை எண்ணிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவை எழும். புதிய ஃபர்ம்வேர் எண்ணவில்லை. பொத்தானை அழுத்திய கையை எடுப்பதற்குள் மலை வந்து நின்றது. பின்பக்க ஓட்டைகளில் வேர்வை மாதிரி நாலு சொட்டு துளிர்த்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு ஊரில் யாரும் சத்தம் போடவில்லை. குடங்களை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வாரமே அருளப்பனின் முகம் வீங்கத் தொடங்கியது.

புஷ்பராணி கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள். ஆனால் படித்தது வெகு காலத்துக்கு முன்பு. யார் யாரையோ கேட்டு, ஈரோட்டில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே இப்படிப்பட்ட விஷயங்களுக்காகக் கம்பெனிகளோடு மல்லுக்கட்டுகிற கோதைநாயகி என்ற பெண்ணின் எண்ணைப் பிடித்தாள். தண்ணீர் வந்ததையும் நின்றதையும் சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"பழைய ஃபர்ம்வேரு வேணும், அப்படித்தானுங்க அக்கா?" என்றாள் கோதைநாயகி. "கம்பெனிக்காரங்க பழசை அவங்க பக்கத்திலிருந்து எடுத்துட்டாங்க. இணையத்துல இருக்குற மத்த கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் புதுசை ஏத்திட்டாங்க. ஆனா அது திறந்த மூல நிரல வச்சுக் கட்டுனது. அப்படிக் கட்டுனா ஒரு நிபந்தனை இருக்குதுங்க. வித்த நாள்ல இருந்து மூணு வருசத்துக்கு, யார் வந்து சோர்ஸ் கோட், அதான் அந்த மூல நிரல், குடுன்னு கேட்டாலும் அவங்க குடுத்தே ஆகணும்."

"தானமா வந்தது. நான் விலை குடுத்து வாங்கலியே."

"யார் கேட்டாலும்ங்க. தெருவுல போறவங்க கேட்டாலும்."

மூன்று வருடம் முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. புஷ்பராணி கேட்டாள். மின்னஞ்சலில் கேட்டாள், பதிவுத் தபாலில் கேட்டாள், தொலைபேசியில் கேட்டாள். முதலில் பதிலே இல்லை. பிறகு, வாங்கியவர்தான் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது; கோதைநாயகி நிபந்தனையின் வாசகத்தை எடுத்து அனுப்பினாள். பிறகு, அதைக் கவனிக்கிற பிரிவு வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது என்றார்கள். பிறகு ஒருநாள் ஒரு அதிகாரி, நல்ல மனிதராகத்தான் பேசினார், அவளையே கேட்டார்: "மேடம், புதுசு இன்னும் வேகமா வேலை செய்யுதே. எதுக்கு நீங்க பழசைக் கேக்குறீங்க?"

"எங்களுக்கு மெதுவாத்தான் வேணும் சார்" என்றாள் புஷ்பராணி.

அதற்குள் கோடை முற்றிவிட்டது. மிக்கேலின் லாரி மறுபடி ஓடியது, ஆனால் அவர் தண்ணீர் எடுத்துவந்த கிணறும் கரிக்கத் தொடங்கியிருந்தது. தொட்டியைத் திறந்து அவரே முதலில் குடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, விலையைக் குறைத்துச் சொல்வார். அருளப்பன் எழுந்து உட்காரவே இன்னொருவர் கை வேண்டியிருந்தது. சங்கத்து அறையில் பெண்கள் தினமும் ஒருமுறை கம்ப்யூட்டரைப் போட்டு, துளிர்க்கிற நாலு சொட்டை விரலால் வழித்து, கைப்பிள்ளைகளின் உதட்டில் தடவினார்கள். 'சோர்ஸ் கோட் வந்துட்டா?' என்று தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள், மழை வந்துட்டா, மணியார்டர் வந்துட்டா என்று கேட்பது போல. மாதா கோயிலில் அதற்காக ஒரு நவநாள் ஜெபம் வைத்தார்கள். அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற வேண்டும் என்று பேசி, கூழுக்குத் தண்ணீர் இல்லாததால் வெறும் விளக்கு மட்டும் ஏற்றினார்கள்.

கெடு முடிய இருந்த வாரத்தில் சோர்ஸ் கோட் வந்தது.

கோதைநாயகி அதை ஈரோட்டில் வைத்து ஃபர்ம்வேராகக் கட்டிப் பார்த்தாள். அன்று சாயங்காலமே கூப்பிட்டாள். "அக்கா, ஒரு கோப்பு இல்லீங்க. நினைவகத்தை எண்ணுறது எல்லாம் இருக்குது. எண்ணி முடிச்சதும் ஒரு கோப்பைக் கூப்பிடுது. அந்தக் கோப்பு வரவே இல்ல. அது இல்லாம கட்டு நிக்க மாட்டேங்குது."

புஷ்பராணி கம்பெனியைக் கேட்டாள். இருந்ததையெல்லாம் அனுப்பிவிட்டோம், அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள்.

"அந்த எடத்துல பேருக்கு ஒரு காலிக் கோப்பை வச்சா கட்டு நின்னுரும்" என்றாள் கோதைநாயகி. குரலில் தயக்கம் இருந்தது. "ஆனா அங்க என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாதுங்க அக்கா. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். நான் எழுதிக் கேக்குறேன்."

புஷ்பராணி உள்ளறையைப் பார்த்தாள். அருளப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவன் முதுகு மூச்சுக்கு மூச்சு, ஏதோ சுமையைத் தூக்கி இறக்குவது போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"காலியாவே வச்சிருங்க" என்றாள்.

கோதைநாயகி பேருந்தில் வந்து இறங்கினாள். சங்கத்து அறை ஜன்னல்களில் தலைகளாக இருந்தது. அவள் பெட்டியைத் திறந்து, பலகையில் நகம் அளவு இருந்த சிப்பின் மேல் தன் மடிக்கணினியோடு இணைந்த ஒரு கவ்வியை மாட்டி, பழையதை ஏற்றி, கவ்வியை எடுத்தாள். புஷ்பராணி பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. பின்பக்கத்திலிருந்து தண்ணீர் கயிறாக இறங்கியது. யாரோ குலவை போட்டார்கள். மிக்கேல் வாய்விட்டு அழுதார். ஒரு குடம் நிறைந்தது, இன்னொரு குடம் வைத்தார்கள், அதுவும் நிறைந்தது, அண்டா வைத்தார்கள், அண்டா நிறைந்தது, மலை வரவில்லை. அணைக்க வேண்டாம், மறுபடி போட வேண்டாம், வைக்க வைக்க நிறைந்தது. எண்கள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த நினைவகத்தின் அளவைத் தாண்டி, அந்தக் கம்பெனி செய்த எல்லாக் கம்ப்யூட்டர்களின் நினைவகத்தையும் தாண்டி, தனக்கு இல்லாத நினைவை அது எண்ணிக்கொண்டு போனது. கோதைநாயகி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம் தருவைமேடு தன் வரலாற்றிலேயே அனுபவிக்காத வாரமாக இருந்தது. பெண்கள் தலைக்குக் குளித்து, முடி பிசுபிசுக்காமல் காய்வதைக் கையால் அளைந்து அளைந்து பார்த்தார்கள். துவைத்த சேலைகள் வெள்ளைக் கோடு விழாமல் உலர்ந்தன. ஆட்டுக்குட்டிகள் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தெருவில் சரிந்து கிடந்தன. அருளப்பன் எழுந்து உட்கார்ந்து, தானாகவே நடந்து வாசலுக்கு வந்தான்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, சங்கத்து வாசலிலிருந்து வழிந்த தண்ணீர் தெருவை நிறைத்து, சரிவில் இறங்கி, உப்பளத்தின் முதல் பாத்தியைத் தொட்டது.

உப்பு வாருகிற காலத்தின் உச்சம் அது. பாத்திகளில் உப்பு பூத்துக் கிடந்தது. வரப்பில் அம்பாரம் அம்பாரமாகக் குவித்தும் வைத்திருந்தார்கள். நல்ல தண்ணீர் உள்ளே போனதும் பூத்த உப்பு கண் முன்னால் கரைந்தது. வரப்பை உயர்த்தினார்கள், தண்ணீர் வரப்பைக் கரைத்தது. கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினார்கள். திரை அணையவில்லை, எண்கள் நிற்கவில்லை. உள்ளே இருந்த சின்னப் பேட்டரியையும் கழற்றினார்கள், அப்போதும் நிற்கவில்லை. உப்பளக் கூலிக்காரன் ஒருவன் ஆத்திரத்தில் மண்வெட்டியால் ஓங்கி அடித்தான். மூலை பிளந்து, பிளந்த இடத்திலிருந்தும் தண்ணீர் பீறிட்டது. அதற்குப் பிறகு அதைத் தொட எல்லோரும் பயந்தார்கள். குவித்திருந்த அம்பாரங்கள் அடியிலிருந்து குழைந்து ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. அந்த உப்பில் ஊரின் ஒரு வருடத்துச் சோறு இருந்தது.

மிக்கேல் முழங்கால் தண்ணீரில் நடந்து புஷ்பராணியின் வீட்டுக்கு வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"தங்கச்சி, தண்ணி கேட்டோம், வந்துட்டு. குறை சொல்ல வரல" என்றார். "ஆனா உப்பில்லாம இந்த ஊருக்கு ஏது பொழப்பு? நீ படிச்ச புள்ள. இத எப்படியாவது நிப்பாட்டிரு."

அவள் கோதைநாயகியை மறுபடி வரவழைத்தாள். "அந்தக் கோப்பு இருக்க வேண்டிய இடத்துல, நிறுத்துன்னு எழுதிரலாம் இல்லையா?"

கோதைநாயகி மடிக்கணினியில் அந்த வரிகளை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எழுதலாம்ங்க. எண்ணுறது நிக்கும். ஆனா நின்னது மறுபடி எப்படித் தொடங்கணும்னு அவர் என்ன பண்ணி வச்சிருந்தார்னு எனக்குப் புடிபடலீங்க அக்கா. இவ்வளவு தூரம் எண்ணிட்டுது. இப்ப நிறுத்துனா அது மறுபடி எழும்னு நான் நினைக்கல."

புஷ்பராணி வீட்டுக்குப் போனாள். அருளப்பன் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு, வீட்டுக்குள் வந்திருந்த தண்ணீரில் பாதங்களை நனைத்துக்கொண்டிருந்தான். வெளுத்த பாதங்களில் புதுத் தோல் பிடித்திருந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள். நிறுத்தினால் இனி வராது என்பதையும் சொன்னாள். அவன் உப்பளக்காரன், அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வடக்குப் பாத்தியும் போயிட்டா?" என்று கேட்டான்.

"நேத்தே போயிட்டு."

பாதங்களைத் தண்ணீரில் ஒருமுறை அளைந்தான். "ஒரு தடவ நல்லா குளிச்சிக்கிடுதேன், புஷ்பம். பொறவு போய் நிப்பாட்டு."

முற்றத்தில் அவனை உட்காரவைத்து, அவள் செம்பு செம்பாக மொண்டு ஊற்றினாள். தலையில் ஊற்றினாள், தோளில் ஊற்றினாள், முதுகைத் தேய்த்தாள், காதுக்குப் பின்னால் தேய்த்தாள். போதும் என்று அவன் சொல்லவில்லை, போதுமா என்று அவளும் கேட்கவில்லை. வெயில் சரிந்து அவனுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியபோதுதான் துவட்டிவிட்டாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சங்கத்துக்கு நடந்தாள்.

கோதைநாயகி சொல்லச் சொல்ல, புஷ்பராணியே எழுதினாள். தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த பெட்டிக்குள் கையை விட்டு, தடவித் தடவிச் சிப்பைக் கண்டுபிடித்து, அவளே கவ்வியை மாட்டினாள். எண்கள் நின்றன. தண்ணீர் கயிறாகி, நூலாகி, சொட்டாகி நின்றது. திரை அணைந்தது. கோதைநாயகி பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள், இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள், பிறகு புஷ்பராணி அவள் கையைப் பிடித்து விலக்கினாள்.

பாத்திகள் அந்த வருடம் தேறவில்லை. நல்ல தண்ணீர் இறங்கிய மண்ணில் கோரை முளைத்தது, நாரைகள் வந்து நின்றன. பார்க்க அழகாகக்கூட இருந்தது. குடும்பங்கள் குஜராத் பக்கத்து உப்பளங்களுக்குப் புறப்பட்டுப் போயின. மிக்கேல் லாரியை விற்றுவிட்டு அவர்களோடு போனார். தேங்கியதெல்லாம் வற்றி, கிணறுகள் பழையபடி கரித்தன. அருளப்பன் ஐப்பசியில் இறந்தான். அன்றைக்கு நல்ல மழை பெய்தது. கல்லறைத் தோட்டத்தில் வெட்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்க, வாளி வைத்து இறைத்து இறைத்துத்தான் அவனை இறக்கினார்கள்.

தை மாதத்தில் கம்பெனியிலிருந்து புஷ்பராணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் எழுதியிருந்தாள். பழைய கணினி ஒன்றைக் காலி செய்யும்போது விடுபட்ட கோப்பு கிடைத்தது என்றும், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்றும், அதை இணைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாள். புஷ்பராணி கைபேசியில் அதைத் திறந்தாள். மிகச் சின்னக் கோப்பு. யார் உதவியும் இல்லாமல் அவளுக்கே புரிந்தது. எண்ணிக்கை நிறைந்ததும் நிறுத்து என்றது முதல் வரி. இதுவரை எண்ணியதை மறந்துவிடு என்றது அடுத்த வரி. அடுத்த முறை எழுப்பும்போது பூஜ்யத்திலிருந்து தொடங்கு என்றது கடைசி வரி.

அவள் அதை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தாள். வாய்க்குள் சொல்லிக்கொண்டே மறுபடியும் ஒருமுறை படித்தாள்.

மின்னஞ்சலின் அடியில், உங்கள் கோரிக்கையை முடித்து வைக்க வேண்டியிருக்கிறது, முழு மூல நிரலும் கிடைத்துவிட்டதா என்று தயவுசெய்து உறுதிப்படுத்தவும் என்று கேட்டிருந்தது. ஆளில்லாத சங்கத்து அறையில், ஈரம் காயாத சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, புஷ்பராணி ஒவ்வொரு எழுத்தாகப் பதில் அடித்தாள்: முழுவதும் கிடைத்தது. இனி விடுபட எதுவும் இல்லை.